ஏழாம் நம்பர் சாவி

"கண்ணு தெரியலையா?" என்று கேட்டவளும் அவள்தான்... இடித்தவளும் அவள்தான்.

ஆராய்ச்சிக்கூடத்தின் எக்ஸ்ரே அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தாள். எதிரே, மழையில் நனைந்தபடி ஷிஃப்டுக்கு வந்த புது ஆபரேட்டர். அவன் இமையில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... அவளும் அப்படியே நின்றாள்.

"நல்லாவே தெரியுதுங்க... அதான் இடிச்சிட்டேன்."

திமிர்! முறைத்துவிட்டு நடந்தாள்.

ஆறு மணியோடு அவர்கள் குழுவுக்கு ஒதுக்கிய எக்ஸ்ரே நேரம் முடிகிறது. எக்ஸ்ரே துடிப்பு பட்டதும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரான் எவ்வளவு தயங்கிக் கிளம்புகிறது என்று அளக்க வேண்டும். நொடியைக் கோடி கோடியாக நறுக்கி, அந்தத் துண்டையும் பல்லாயிரமாக நறுக்கினால் வருகிற பொடி! அவளுடைய நாலு வருட ஆராய்ச்சி அந்தப் பொடியில்தான் தொங்கியது. குழுத்தலைவர் அவளுடைய பெரியப்பா. அளப்பதற்கு முன்பே வெற்றி உரை எழுதி, கைதட்டலுக்கு இடமும் விட்டு வைத்திருந்தார்.

மணி நாலு. எக்ஸ்ரே வரவில்லை. நாலரை... ம்ஹூம்.

"என் டீம்ல தப்பே நடக்காதுய்யா!" பெரியப்பா கர்ஜித்தார். "லாக் புக்ல எழுது. தாமதத்துக்குக் காரணம், ஆபரேட்டரோட அலட்சியம்!"

எக்ஸ்ரே அறைக்குள் போகிறவர்கள் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவி எடுத்துப் போக வேண்டும். அத்தனையும் திரும்பி வந்தால்தான் எக்ஸ்ரே வரும். பலகைக்கு ஆபரேட்டர்தான் பொறுப்பு. இப்போது ஏழாம் நம்பர் துளை காலி.

அவள் கோட் பாக்கெட்டில் கையை விட்டாள்... சில்லென்று இரும்பு!

போன மாதம் ஒரு வால்வை மூட மறந்தவனை அன்றைக்கே குழுவை விட்டு அனுப்பியவர் பெரியப்பா.

ஆபரேட்டர் லாக் புக்கோடு அருகில் வந்தான். பாக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த சாவி வளையத்தை அவன் எப்போதோ கவனித்துவிட்டான்.

"நான் திரும்பி நிக்கிறேன்... சத்தமில்லாம மாட்டிடுங்க. பழி என் பேர்லயே இருக்கட்டும்."

"உங்க வேலை போயிடுமே..."

"வேற மெஷின் கிடைக்கும்ங்க."

திரும்பி நின்று எழுதத் தொடங்கினான். நனைந்த முதுகு. பேனா 'அலட்...' வரை வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" தன் குரலா இது? "சாவி என்கிட்டதான் இருந்தது, பெரியப்பா."

பெரியப்பாவின் உரையில் இதற்கு இடம் விடப்படவில்லை.

"நீயா? எப்படி மறந்தே?"

"வாசல்ல... இவரைப் பார்த்தேன்." கன்னம் சுட்டது. "அப்புறம் கையில என்ன இருந்ததுன்னே ஞாபகம் இல்ல."

சாவியைப் பலகையில் மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"ஆறு மணிக்கு மேல இருக்கு உனக்கு!" என்று பெரியப்பா திரையை நோக்கி ஓடினார்.

ஆபரேட்டர் 'அலட்'டை அடித்தான். அவன் காதுகூடச் சிவந்திருந்தது.

"மறுபடி நடக்க வாய்ப்பு உண்டான்னு ஒரு கட்டம் இருக்குங்க... என்ன எழுத?"

அவள் தலை நிமிரவில்லை.

"தினமும்னு எழுதுங்க..."