சில்லென்ற பானெட்

காலை 6.40. ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கார் சோதனைக்கூட முற்றத்தில் காவலாளி எக்கார்ட் குப்புறக் கிடந்தார். முதுகு நொறுங்கியிருந்தது. கடித்த பிரெட்சல் ரொட்டித் துண்டு இன்னும் வாயில். பூட்ஸ் முனைகளில் புதுச் சிராய்ப்பு. எதிரே, இன்னும் விற்பனைக்கு வராத ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன்பக்கத்தில் ரத்தம்.

சாவி எஞ்சினியர் யுட்டாவிடம் இருந்தது. ஆகவே விலங்கும் யுட்டாவுக்கே.

"நேத்து சாயங்காலம் நிறுத்தினதோட சரி மேடம். அதுக்கப்புறம் தொடவே இல்ல. சத்தியமா!" அவள் குரல் உடைந்தது.

"எல்லாத் திருடனும் பாடுற பாட்டு," என்றார் பிரிவுத் தலைவர் டாக்டர் வோல்மர். "கசாப்புக் கடைக்காரர் பொண்ணை நம்பி இந்த வண்டியைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகல. இவதான் ஓட்டினா."

இன்ஸ்பெக்டர் க்னாப் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"இப்பத்தான் ஓடின என்ஜின் இவ்வளவு சில்லுனு இருக்குமா டாக்டர்?"

"இது ஹைப்ரிட் அம்மா, பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு! பேட்டரியில ஓட்டியிருக்கா. சத்தமே வரல. பாவம், கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கல."

யுட்டா சட்டென்று நிமிர்ந்தாள். "பேட்டரியிலயா? இதுவா?"

"வாயை மூடு," என்றான் கான்ஸ்டபிள்.

"நீ மூடுப்பா. அவ பேசட்டும்," என்றாள் க்னாப்.

"இது மைல்டு ஹைப்ரிட் மேடம். உள்ள இருக்கிற மோட்டார் சின்னது. என்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். என்ஜின் சுத்தாம சக்கரம் நகராது. இந்த எட்டு சிலிண்டரும் உறுமினா பக்கத்து ஊர் மாடே எழுந்து நிக்கும்!"

க்னாப் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். மழை பெய்திருக்கவில்லை. நின்ற கார்களிலெல்லாம் தூசி. ஒன்றில் மட்டும் தண்ணீர் சொட்டியது. வோல்மரின் மின்சாரக் கார். குனிந்தாள். பாதசாரிகளை எச்சரிக்கும் ஒலிப்பெட்டியைக் கழற்றிய இடத்தில் ஒயர்கள் தொங்கின.

"நம்ம ஊர்ல சனிக்கிழமைதானே கார் கழுவுவோம்? இன்னிக்குச் செவ்வாய், டாக்டர்."

வோல்மர் அவசரமாகத் தன் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"எக்கார்ட் திரும்பலைங்கிறது மட்டும் நிஜம். அவரை இடிச்சது சத்தமில்லாத வண்டி. இங்க அப்படி இருக்கிறது உங்களுதுதான். இடிச்சீங்க. பூட்ஸ் தேயத் தேய இழுத்து வந்து இங்க போட்டீங்க. ரத்தத்தைப் பூசினீங்க. பானெட் ஏன் சுடலைன்னு கேட்டதும் பேட்டரின்னு அளந்தீங்க."

"இருட்டு... போன் வந்துது... வேணும்னு செய்யல..." வோல்மர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விலங்கு கழன்றது. யுட்டா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மூணு வருஷமா உங்க மீட்டிங்ல தொண்டை வத்த இந்த மோட்டாரை விளக்கினேன். நீங்க போனை நோண்டிட்டிருந்தீங்க. ஒரே ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டிருந்தா, பேட்டரின்னு உளறியிருக்க மாட்டீங்க. இந்நேரம் நான் ஜெயிலுக்குப் போயிட்டிருப்பேன்."