தொட்டிக்கு வந்த பருக்கை

ஒசாகாவிலிருந்து வந்த காலைப் பேருந்திலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். வழிகாட்டி குவாபரா மஞ்சள் கொடியைத் தூக்கிக் காட்டினார். ஒசாகாக்காரர்களை அவருக்கு அறவே ஆகாது. காசு கொடுத்து அடுத்தவன் அடுக்களையை எட்டிப் பார்க்க வருகிற கூட்டம் என்பார். ஆனாலும் அந்தக் கொடி இல்லாவிட்டால் பிவா ஏரிக்கரையில் அவரைச் சீண்ட நாதியில்லை.

தெருக்களைச் சுற்றிக்காட்டிவிட்டுத் தன் வீட்டு அடுக்களைக்குக் கூட்டிப்போனார். கல்தொட்டியில் ஊற்றுநீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு கெண்டைகள்.

"மேல்வீட்டுத் தண்ணி இங்க வரும். இங்கேருந்து கீழ்வீடு, அப்புறம் ஏரி. சட்டி கழுவினா ரெண்டு பருக்கை அடுத்த வீட்டுக்குப் போகும். பருக்கை வரலேன்னா, என்னமோ ஏதோன்னு ஓடிப்போய்ப் பாப்போம். அதுதான் எங்க ஊரு."

எவ்வளவு கூசாமல் சொன்னார் மனிதர்.

மேல்வீட்டு ஷிகே தனிக்கட்டை. பயணிகள் வரும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "அந்த ஆளு சொல்றதுல பாதி புளுகு" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். குவாபராவுக்கு உடம்பெல்லாம் எரியும். போன ஜனவரியில் ஒருநாள் தண்ணீர் பருக்கையில்லாமல் வெறுமனே வந்தது. இரண்டாம் நாளும் வெறுமனே வந்தது. கிழவி கிடக்கட்டும் என்று இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் தபால்காரர்தான் கதவைத் திறந்து பார்த்தார்; கிழவி செத்துக் கிடந்தாள். "தண்ணி வழக்கம்போலத்தான் வந்துச்சு" என்று குவாபரா ஊருக்குச் சொல்லிவிட்டார். அது பொய்யென்று தெரிந்தால் கொடி பிடிப்பது கிடக்கட்டும், தெருவில் தலைகாட்ட முடியாது.

"ஐயா, தண்ணி வெள்ளையா வருதே?" என்றாள் தொப்பி போட்ட ஒரு பெண்மணி.

அரிசி களைந்த நீர். பால்போல வந்து தொட்டி முழுக்கப் பரவியது. பின்னாலேயே சுடுசோற்று வாசனை.

கெண்டைகள் நாலும் ஒரு மூலையில் ஒடுங்கின.

"மேல்வீட்டுல யாரு?"

"யாருமில்ல. பூட்டிக் கிடக்கு."

"போய்ப் பாக்கலையா? ஓடிப்போய்ப் பாப்போம்னு இப்பதானே சொன்னீங்க?"

ஒன்பது பேரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், ஊரார் தன்னிடம் கொடுத்துவைத்திருந்த மேல்வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ஈரமும் பூஞ்சையும் நாறின. தரைத் தூசியில் ஒரு காலடி கிடையாது. சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. தொட்டி நீர் பளிங்காக இருந்தது.

காதோரம் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

"ரெண்டாம் நாளே தெரியும்ல?"

அவர் ஓடிவந்தார். "மேல ஏதோ சுண்ணாம்பு கரையுது" என்றார் கூட்டத்திடம். தொப்பிக்காரி அதையும் கர்மசிரத்தையாக எழுதிக்கொண்டாள்.

மாலையில் கீழ்வீட்டு மத்சுயோ முள்ளங்கி ஊறுகாயோடு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, வீட்டுக்கு விருந்தாளியா?"

"ஏன் கேக்குற?"

"அஞ்சு நாளா ரெண்டு ஆள் சாப்பிட்ட பருக்கை வருதே. அதான் ஊறுகாய் கொஞ்சம் கூடவே கொண்டாந்தேன்."

பல்வலி என்று ஐந்து நாளாகக் குவாபரா கஞ்சிகூட வைக்கவில்லை. கடை நூடுல்ஸ்தான். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் இருந்தது. ஆனால் பழக்கம் விடுமா?

"மக வந்திருக்கா" என்றார்.

உள்ளே தொட்டியில் யாரோ சட்டியை முக்கினார்கள். பிறகு குரல் வந்தது, வாசல்வரைக்கும் தெளிவாக.

"இது முழுப் புளுகு."

மத்சுயோவின் கையிலிருந்த ஊறுகாய்க் கிண்ணம் நழுவி விழுந்தது. அந்தக் குரலை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.