சத்தம் மட்டும் வராது

முதல் கெப்பாசிட்டரை மாற்றி முடித்தபோது ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்குள் கால் வைத்தாலே காதில் விழும் அந்த உறுமல், யாரோ உள்ளங்கையால் வாயைப் பொத்தியதுபோல, பாதியில் அற்றுப்போயிருந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். தகடு வெதுவெதுப்பாக அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

பழைய ஃப்ரிட்ஜ், ஊரைக் கூட்டாமல் ஓடினால் நல்லதுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

மேசைமேல் கையடக்க வீடியோ கேம் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. "எல்லாம் ஓடும்மா, சத்தம் மட்டும் வராது," என்று சொல்லித்தான் பழைய சாமான் கடைக்காரர் தலையில் கட்டினார். மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிப்பவளுக்கு அந்த வார்த்தையே தூண்டில். கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கும். மிளகு அளவே இருந்த அந்தத் தகரக் குமிழ்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தால் பேச ஆரம்பித்துவிடும். அக்கா மகளுக்குக் கொடுக்கலாம்.

அந்த வாண்டு பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக வீசிங். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி சிக்கிக்கொண்டு அழுவதுபோல ஒவ்வொரு மூச்சும் கீச்சிட்டு வெளியே வந்தது. மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கதவைச் சாத்தாத. அவ மூச்சு உன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். பொம்மையை நோண்டுறேன்னு பிள்ளையைக் கோட்டை விட்டுடாத."

"நான் என்ன சின்னப் பிள்ளையாக்கா?"

"சின்னப் பிள்ளைன்னா எனக்கு பயமே இல்லடி. நீ ரிப்பேர் பண்ணின இஸ்திரிப்பெட்டி என் புடவையையே தின்னுடுச்சு."

ஒன்றைக் கழற்றினால் உடனே ஒன்றைப் போடு, மொத்தமாகப் பிடுங்கினால் எது எங்கே இருந்தது என்று உனக்கே தெரியாது என்று வகுப்பில் சார் சொல்லியிருந்தார். அவள் அப்படியே செய்தாள். எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்தாள். பற்றவைப்புக் கோலின் சூட்டுமுனை பட்டதும் கசிந்த திரவத்திலிருந்து மீன் கழுவிய தண்ணீரின் வாடை எழும்பியது. அதுவும் பாடத்தில் வந்ததுதான். ஆனால் அந்த வாடைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது: பூட்டிய அறைக்குள் பலபேர் நெடுநேரம் மூச்சுவிட்டதுபோன்ற ஒரு புழுக்கம்.

இரண்டாவதன் காலில் ஈயம் உருகிப் பளபளத்து, ஆறி மங்கியது. அந்தக் கணத்தில் மின்விசிறி ஓய்ந்தது.

நிமிர்ந்தாள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நெற்றிமுடி பறந்தது. சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று இடிக்கும் அதன் கோணல் இறக்கை இப்போது ஊமையாக இடித்துக்கொண்டு போனது.

காதில் கோளாறோ? கையைத் தட்டினாள். கேட்டது. நாற்காலியை இழுத்தாள். கேட்டது. ஜன்னலில் மழை கேட்டது. பக்கத்து அறையில் கீச்... கீச்... அதுவும் கேட்டது. அப்பாடா.

மூன்றாவதைப் போட்டாள். மழை நின்றது.

நிற்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தெருவிளக்கின் கீழே சாய்ந்த கோடுகளாக மழை விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் வேலை அரைகுறையாக நிற்பதால்தான் இப்படியோ? கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் விடையே தப்பாகும். கடைசியையும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். சந்தேகம் வந்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. முடிக்கத்தான் தெரியும்.

கடைசிக் கெப்பாசிட்டர் ஒலிபெருக்கியை ஒட்டி இருந்தது. மீன் வாடை. புழுக்கம். ஈயம் ஆறியது.

கீச்... கீ

ஓடினாள்.

வாண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். பிள்ளையின் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக மூச்சு பட்டது. சத்தமில்லாமல் பட்டது. கன்னத்தைத் தட்டினாள். கண் திறந்தது. உதடு பிதுங்கியது. வாய் அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, பிள்ளை வீறிட்டு அழுதாள். அறை அமைதியாக இருந்தது.

அந்தக் கேம் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வைக்கவேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. மேசைக்கு ஓடி, டார்ச்சிலிருந்து பாட்டரிகளை உருவி, கேமுக்குள் திணித்து, சுவிட்சைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கித் துளைகளிலிருந்து முதலில் ஃப்ரிட்ஜின் உறுமல் வந்தது. பிறகு டக், டக் என்று விசிறி. பிறகு மழை. அதற்கெல்லாம் அடியில், தகரத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல:

"சித்தி... சித்தி... தூக்கு..."

அதை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள். பிள்ளையின் உதடு அசைந்தது. துளைகள் பேசின. மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அழுகை தேய்ந்தது. பிள்ளை கண்ணயர்ந்தாள். கீச்... கீச்... என்றது கேம்.

கேமின் மூடி சரியாக உட்காராமல் பாட்டரி நழுவியது. சிவப்பு விளக்கு ஒரு கணம் அணைந்தது. பிள்ளையின் நெஞ்சும் நின்றது.

அழுத்திப் பிடித்தாள். விளக்கு வந்தது. நெஞ்சு எழுந்தது.

சற்றுமுன் சத்தம்தான் போயிருந்தது, மூச்சு பிள்ளையிடமே இருந்தது. இப்போது அதுவும் உள்ளே. சுவிட்சைத் தள்ளியது அவள்தான்.

விளக்கு மங்குவதுபோல இருந்தது. இல்லை, கண்தான். இல்லை. மங்குகிறது. டார்ச்சே சாகக் கிடந்த டார்ச். அலமாரியில் புது பாட்டரி இருந்தது; அவசரத்தில் கைக்குக் கிடைத்தது டார்ச்தான். அதைப் போடவேண்டுமானால் பழையதை எடுக்கவேண்டும். பக்கவாட்டில் அடாப்டர் செருகும் துளை இருந்தது. அடாப்டர் இல்லை.

ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"தூங்குறாளா?"

வாயைத் திறந்தாள். அதற்குள் மூடி நழுவப் பார்த்தது, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஏய், லைன்ல இருக்கியா?"

மடியில் இருந்த கேமின் துளைகள் கீச்சிட்டன.

"ஆ... கேக்குது, கேக்குது. பக்கத்துலயே உக்காந்திருக்கியா? சமத்துடி நீ. பேசாத, எழுந்துடப்போறா. வெச்சிடுறேன்."

இவள் திரும்ப அக்காவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

கீச்.

நீண்ட இடைவெளி.

கீச்.

பிள்ளையின் நெஞ்சு ஒரு விரல் உயரம் எழுந்து தாழ்ந்தது. சிவப்புப் புள்ளி பழுப்பாகிக்கொண்டு வந்தது. மூடியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி, இமைக்காமல், அந்த நெஞ்சு அடுத்தமுறை எழுவதற்காக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.