பொடிசு எடுத்துப்போன புத்தகம்

பொடிசு வீட்டில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே பழுப்பு நிறம்தான்.

அதற்குக் காரணம் அப்பா. அவர் அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார். ஒரு பொருள் மேலுறை இல்லாமல் சும்மா கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். பாடப்புத்தகம், கணக்கு நோட்டு, அகராதி என்று எது கிடைத்தாலும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிடுவார்.

"அசையாம கொஞ்ச நேரம் உக்காந்தா நமக்கும் அட்டை போட்டுடுவாரு, ஜாக்கிரதை!" என்று அம்மா கேலி செய்வார். அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர்.

பொடிசுக்கு ஒன்பது வயது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் இருக்கிறது. ஆனால் டீச்சர் உட்பட எல்லாருமே அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய அக்கா நர்சிங் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். எல்லாப் பாடமும் தேறிவிட்டாள், ஒன்றைத் தவிர. மனித உடலைப் பற்றிய பாடத்தில் மூன்றே மூன்று மார்க்கில் கோட்டை விட்டுவிட்டாள். மறுதேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதிலும் தேறாவிட்டால், தேறிய தோழிகள் எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்குப் பயிற்சிக்குப் போவார்கள். அக்கா மட்டும் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் அக்கா படித்தாள். அப்படி ஒரு படிப்பு!

முதல் இரண்டு நாள் அட்டவணை போட்டாள். ஏழு வண்ணப் பேனாவில், கட்டம் கட்டமாக, கண்ணைப் பறிக்கும் அட்டவணை. பிறகு மஞ்சள் பேனாவை எடுத்து முக்கியமான வரிகளுக்கெல்லாம் வண்ணம் பூசினாள். கடைசியில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மஞ்சள் தெரிந்தது.

"அக்கா, எல்லாமே மஞ்சளா இருந்தா எது முக்கியம்?" என்று பொடிசு கேட்டாள்.

"எல்லாமே முக்கியம். போய் விளையாடு, போ."

புத்தகம் தடிமனாக இருக்கிறது, தூக்கினால் கை வலிக்கிறது என்று அக்கா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அது போதாதா? புத்தகத்தை நான்காகப் பிரித்து, தனித்தனியாகத் தைத்து, நான்குக்கும் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தார். பெயர் எழுதும் சீட்டைக் கையில் கொடுத்து, "நீங்களே எழுதி ஒட்டிக்குங்க" என்றார். அக்காவும் ஒட்டவில்லை, பொடிசும் ஒட்டவில்லை.

அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் பள்ளியில் டீச்சர், "அறிவியல் புத்தகத்தை எடுங்க. செடியோட பாகங்கள். பொடிசு, எழுந்து படி" என்றார்.

பொடிசு எழுந்து புத்தகத்தைத் திறந்தாள். அதில் செடி இல்லை. பல்லைக் காட்டிக்கொண்டு ஓர் எலும்புக்கூடு நின்றது.

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "டீச்சர், இவ செடி தண்ணி இல்லாம காய்ஞ்சு போச்சு!" என்று கத்தினான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர்கூட கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பொடிசுக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கிறது. அக்கா வீட்டில் தனியாக, ஒரு செடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

பள்ளி விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். கதவைத் திறந்தால், அக்கா கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அப்பாவின் பழுப்புக் காகிதச் சுருள் ஒரு பாய் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. அது முழுக்க எழுத்து. நடுநடுவே பெரிய பெரிய வெற்றிடம்.

"கண்ணு எங்க வச்சிருக்க நீ? வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன்! ஒரு நாளே பாழாப்போச்சு!" என்று அக்கா பொரிந்து தள்ளினாள்.

"தெரியாம எடுத்துட்டேன், அக்கா. மன்னிச்சுடு."

பொடிசின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அக்காவின் குரல் இறங்கிவிட்டது. காகிதத்தைக் காட்டினாள்.

"சரி, புத்தகம் இல்லேன்னா என்ன, தெரிஞ்சதை எழுதிப் பாப்போம்னு உக்காந்தேன். மூணு தடவை படிச்ச பாடம் இது. மணிக்கட்டுல மட்டும் எட்டு எலும்பு இருக்கு. படகு மாதிரி ஒண்ணு, பிறை மாதிரி ஒண்ணு, பட்டாணி மாதிரி ஒண்ணு. அதோட நின்னு போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல, பொடிசு. இந்தத் தடவையும் நான் தேற மாட்டேன்."

சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா அழுது பொடிசு பார்த்ததே இல்லை. ஊசி போடப் பழகும்போது தன் கையிலேயே குத்திக்கொண்டவள், அப்போதுகூட அழவில்லை. பொடிசுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து சிவப்பு பென்சிலை எடுத்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காகிதத்தின் மேல் குப்புறப் படுத்தாள். டீச்சர் செய்வதைப் போல ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டு 'டிக்' போட ஆரம்பித்தாள்.

கடைசிப் பெயர் வரை போய், 'டிக்'குகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அக்கா, இந்தப் பாகத்துல மொத்தம் ஐம்பத்தேழு எலும்புப் பேர் இருக்கு."

"ம்."

"நீ நாப்பத்தொண்ணு சரியா எழுதியிருக்க."

அக்கா தலையைத் தூக்கினாள். "எத்தனை?"

"நாப்பத்தொண்ணு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். விட்டது பதினாறுதான்."

"பதினாறுதானா? நல்லா பாத்தியா?"

"எங்க டீச்சரே இவ்வளவு நல்லா திருத்த மாட்டாங்க" என்றாள் பொடிசு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தாள். இத்தனை நாளும் புத்தகம் முழுவதும் மலைபோல் நின்று அவளைப் பயமுறுத்தியது. இப்போது மிச்சம் பதினாறு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முடித்துவிடலாம்.

"ஆனா ஒண்ணு புரியல" என்றாள் அக்கா. "படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கே. எழுத உக்காந்தா ஏன் வரல?"

பொடிசு கொஞ்சம் யோசித்தாள். "நானும் அப்படித்தான், அக்கா. அம்மா வண்டியில பாட்டு போட்டா கூடவே பாடிட்டு வருவேன். நிறுத்தம் வந்ததும் அம்மா பாட்டை நிறுத்திடுவாங்க. அப்புறம் எனக்கு ரெண்டாவது வரி வராது."

அக்கா காகிதத்தில் இருந்த வெற்றிடங்களைப் பார்த்தாள்.

"அப்போ நான் இத்தனை நாளும் கூடவே பாடிக்கிட்டுதான் இருந்தேனா?"

"ஆமா. அதனால நாளைக்கும் நானே புத்தகத்தை எடுத்துட்டுப் போயிடறேன்."

"விளையாடறியா? பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் இருக்கு!"

"எல்லாத்தையும் இல்ல அக்கா. முந்தின நாள் படிச்ச பாகம் மட்டும். நீ காலையில அதைப் பாக்காம எழுதி வை. அப்புறம் அடுத்த பாகத்தைப் படி. நான் சாயங்காலம் வந்து திருத்தறேன். விட்டதை மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி படிச்சுக்கோ."

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். பிறகு எழுந்து போய், சுவரில் இருந்த ஏழு வண்ண அட்டவணையைக் கழற்றிவிட்டாள். கழற்றிய கையோடு மஞ்சள் பேனாவையும் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

மறுநாளிலிருந்து பொடிசின் பை கனத்தது. தோள் வலித்தாலும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கே அவள்தான் பெரிய டாக்டர் என்பதுபோல் நிமிர்ந்து நடந்தாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் கூடத்தில் பழுப்புக் காகிதம் விரியும். ஒருநாள் இதயம், ஒருநாள் நுரையீரல், ஒருநாள் குடல். அப்பா வேலையிலிருந்து வந்து குடலைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போக வேண்டியிருந்தது.

"என் காகிதமெல்லாம் தீந்து போச்சே!" என்று அவர் முனகினார். ஆனால் மறுநாள் இன்னொரு சுருளோடு வந்து சேர்ந்தார்.

சில நாள் சிவப்பு 'டிக்' குறைவாக இருந்தது. நுரையீரல் எழுதிய அன்று பாதிக்கு மேல் தப்பு. அக்கா முகம் வாடியது. "விடு அக்கா, நாலு நாள் கழிச்சு இதையே மறுபடி எழுதிப் பாரு" என்றாள் பொடிசு. நாலு நாள் கழித்து எழுதியபோது ஐந்துதான் விட்டுப்போயிருந்தது.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கூப்பிட்டவள் அக்காவைப் போலவே மறுதேர்வு எழுதும் ஒரு தோழி. புத்தகத்தை வேகமாகப் புரட்டுவதால் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர்.

"நான் ஆறு தடவை முடிச்சுட்டேன்ப்பா! நீ எத்தனை தடவை முடிச்ச?" என்று கேட்டாள் மின்னல்.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அவ ஆறு தடவை படிச்சுட்டாளாம். நான் ரெண்டு தடவைகூட முழுசாப் படிக்கல. எல்லாப் பாகத்தையும் என்கிட்டயே குடுத்துடு, பொடிசு" என்றாள்.

பொடிசு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தரேன். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட மணிக்கட்டு எலும்பு எட்டையும் கேளு."

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். மறுமுனையில் மின்னல் தடுமாறினாள்.

"அது வந்து... தெரியும்ப்பா. நாக்கு நுனியில இருக்கு. இரு, புத்தகத்தை எடுத்துட்டு வரேன்!"

"வேணாம், நானே சொல்றேன்" என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு, தன் மணிக்கட்டை மறுகையால் தொட்டபடி, படகு எலும்பிலிருந்து கொக்கி மாதிரி இருக்கும் எலும்பு வரை எட்டையும் சொல்லி முடித்தாள். எங்கும் நிற்கவில்லை.

மறுமுனையில் மின்னல் பக்கம் புரட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ எப்படிப் படிக்கிற? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டாள்.

அக்கா பொடிசைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க வீட்டுல யாராவது ஸ்கூல் போற பிள்ளைங்க இருக்காங்களா?"

தேர்வு சனிக்கிழமை நடந்தது. அன்று காலை அம்மா ஓட்டிய பேருந்திலேயே அக்காவும் பொடிசும் போனார்கள். கல்லூரி வாசலில் ஒரே பரபரப்பு. சுவரோரம், படிக்கட்டு, மரத்தடி என்று எங்கு பார்த்தாலும் படபடவென்று பக்கம் புரட்டும் சத்தம். ஒரு பெண் நடந்துகொண்டே படித்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடமே மன்னிப்புக் கேட்டாள்.

அக்காவின் கையிலும் நான்கு பாகங்கள் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு நான்கையும் பொடிசிடம் நீட்டினாள்.

"பை கனக்குமா?"

"கனக்காது" என்றாள் பொடிசு. நன்றாகவே கனத்தது.

மூன்று மணி நேரம் கழித்து அக்கா வெளியே வந்தபோது பொடிசு ஓடிப்போய், "மணிக்கட்டு வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"வரவே இல்ல, பொடிசு! அவ்வளவு பாடுபட்டோமே!" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முதுகெலும்பு கேட்டாங்க."

"எழுதினியா?"

"முப்பத்து மூணு எலும்பையும் எழுதினேன். ஒண்ணுகூட விடல."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அக்கா நூற்றுக்கு எழுபத்தொன்று. மின்னலும் தேறிவிட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதிப்பெண் தாளுக்கு அட்டை போட ஆரம்பித்துவிட்டார். அம்மா பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கள்கிழமை அக்கா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, விடிந்ததும் வார்டுக்குக் கிளம்பிப் போனாள். அன்று பொடிசுக்குப் பள்ளி விடுமுறை. மறுநாள் அவளுக்கு அறிவியல் தேர்வு. செடியோட பாகங்கள்.

பொடிசு சாவகாசமாக எழுந்து, பல் துலக்கி, புத்தகத்தைத் தேடினாள். பையில் இல்லை. மேசையில் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

கூடத்தின் நடுவில் பழுப்புக் காகிதம் ஒன்று நீளமாக விரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கருப்பு பென்சில். மூலையில் அக்காவின் கையெழுத்து: "உன் புத்தகம் என் பையில இருக்கு. சாயங்காலம் வந்து திருத்தறேன். சிவப்பு பென்சிலையும் எடுத்துட்டுப் போறேன்."

"அக்கா!" என்று பொடிசு வீடே அதிரக் கத்தினாள். கத்தி முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்து, கொட்டை எழுத்தில் முதல் சொல்லை எழுதினாள்: வேர்.