சுவரில் அழித்த சொல்

தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மாமியார் சின்னம்மா ஈரத்துணியால் அடுப்படிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஜயகலா நேற்றுக் கரியால் எழுதிய ஐந்து ஆங்கிலச் சொற்களும் கரைந்து வழிந்தன.

"கொழுந்து பறிக்கிறவளுக்கு எதுக்குடி இங்கிலீசு? தொரசாணி ஆகப் போறியா?"

"அழிங்க மாமி. நாளைக்கும் எழுதுவேன்."

நாத்தனாரின் படிப்புக்காகத் தன் உயர்தரப் பரீட்சையை விட்டுக்கொடுத்தவள் விஜயகலா. றக்வானை மலையிலுள்ள அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒருவரும் அதைப் பேச்சுக்குக்கூட எடுத்ததில்லை. சுவர் அழுக்காவது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. பெல்மதுளையில் வாங்கிய பழைய அகராதியிலிருந்து தினம் ஐந்து சொல், அதுவும் துரைமார் கடிதத்தில் வருகிற கனத்த சொற்களாகப் பார்த்து எடுப்பாள். ரொட்டி சுடும்போது படிப்பாள், மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுப்பாள். கணவன் கிருஷ்ணராஜுக்கு அது வெட்கக்கேடு.

அந்த நேரம் பார்த்துக் கணக்கப்பிள்ளை வந்தார். கையில் ஆங்கிலத்தில் அடித்த தாளும் மைப்பெட்டியும்.

"கூரைக்குப் புதுத் தகரம் வருது. சரி, அம்மா பேர்லதானே வீட்டுப் பதிவு? ஒரு கைநாட்டு வையுங்க."

சின்னம்மா பெருவிரலை நீட்டிவிட்டாள். விஜயகலா தாளைப் பிடுங்கினாள்.

"குடுத்துடு கலா. மானத்த வாங்காத," என்றான் கிருஷ்ணராஜ்.

அவள் கொடுக்கவில்லை. நான்காவது வரியில் விரல் நின்றது.

"ரெலின்குவிஷ்னு போட்டிருக்கு. உரிமைய விட்டுக்குடுக்கிறதுன்னு அர்த்தம். தகரத்துக்குப் பதிலா மாமியோட மரக்கறித் தோட்டத்த எழுதிக் கேக்கிறாங்க."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் இந்தச் சொல்ல செவத்துல எழுதினேங்க. மாமி அழிச்சுட்டாங்க. என் மண்டையில இருந்து அழிக்க முடியல. நான் சொன்னது தப்புன்னா, தப்புன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவருடைய சிரிப்பு நின்றது. துரையிடம் கேட்டு வருவதாகச் சொல்லித் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நாப்பது வருசம் கூடையில மண்ணு சொமந்து உண்டாக்கின எடம்டி... என் கையாலயே குடுக்கப் பாத்தேனே..." அவள் விம்மி விம்மி அழுதாள்.

"கோவிச்சுக்காத கலா," என்றான் கிருஷ்ணராஜ் தலைகுனிந்து.

"கோவம் இருக்குங்க. இருக்கட்டும்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்து மருமகளின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சொல்ல மொதல்ல எழுதுடி. பெருசா எழுது."

விஜயகலா எழுதினாள். அழிக்கப்பட்ட ஐந்தையும் அதன் கீழே மறுபடி எழுதிவிட்டுத்தான் கொழுந்துச் சாக்கை எடுத்தாள்.