பூசைக்கு வராத பெட்டி

“இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா என் லைசென்ஸ் போயிரும் சார். போடலைன்னா வேலை போயிரும். நான் போட மாட்டேன்.”

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில் குமுதா இப்படிச் சொன்னதுமே, துப்பறிவாளர் சிவநேசனின் உதவியாளர் மாதவிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சாலை மண்ணின் இறுக்கத்தை அளக்கும் கருவி ஒன்று குமுதாவின் பொறுப்பில் இருந்தது. அதனுள் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் பாதியாக முப்பது ஆண்டுகள் ஆகவேண்டும். ஒரே மாதத்தில் பாதியாகிவிட்டது. குமுதா அறையில் அயனியாக்கும் காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிட்டதுதான் காரணம் என்றது, அவள் மேலாளர் எழுதித் தந்த கடிதம்.

மறுநாள் காலை குமுதாவோடு அவளுடைய கிள்ளான் அலுவலகத்துக்குப் போனபோது மேலாளர் சுகுமாறன் ஒரு கட்டுரையை நீட்டினார். “அயனியாக்கினா சிதைவு வேகம் மாறும்னு விஞ்ஞானியே எழுதியிருக்கான், பாருங்க லா!”

“உண்மைதான்” என்றார் சிவநேசன்.

மாதவி திடுக்கிட்டாள். சங்கடத்தை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஆயுத பூசைச் சந்தனமும் குங்குமமும், சீசியம் பெட்டியிலும்தான்.

“அழகா இருக்கே, யார் வெச்சது?”

“நான்தான்” என்றார் சுகுமாறன். “பூசை அன்னிக்கு ஒண்ணையும் விடல.”

சிவநேசன் நிதானமாகத் தொடர்ந்தார். “பெரிலியத்துல ஒரு வகை, தன் எலக்ட்ரானையே விழுங்கிச் சிதையும். எல்லா எலக்ட்ரானையும் உரிச்சுட்டா விழுங்க ஒண்ணுமில்ல, சிதைவு நின்னுரும். ரீனியத்துல ஒரு வகையை அப்படி உரிச்சா நாலாயிரம் கோடி வருஷ ஆயுள் முப்பத்துச் சொச்சமாச் சுருங்கும். ஆனா அதுக்கு ராட்சச இயந்திரம் வேணும். உங்க சுத்திகரிப்பான் காத்தைத்தான் தொடும்; எஃகு உறைக்குள்ள இருக்கிற சீசியத்தை எட்டவே எட்டாது.”

“அப்போ வீரியம் எங்க போச்சு?” என்றாள் மாதவி.

“குமுதா, பூசை அன்னிக்குக் கருவி எங்க இருந்துச்சு?”

“கேரி தீவு ரோடு வேலையில, என்கூட. அடுத்த வாரம் நான் திருப்பிக் கொடுத்தப்போ அதுல பொட்டே இல்ல.”

சிவநேசன், கருவிகளை வெளியனுப்பும் பதிவேட்டைத் திறந்தார். அதே தேதி, கேரி தீவு, கீழே சுகுமாறனின் கையெழுத்து.

“பூசைக்கு இங்கயே இல்லாத கருவிக்குப் பொட்டு வெச்சேன்னு சொல்றீங்க. இது வீரியம் பாதி போன வேற ஒரு பழைய கருவி. நம்பர் தகட்டை மாத்தினீங்க. மத்த பெட்டி மாதிரி இருக்கணும்னு பொட்டும் வெச்சீங்க.”

சுகுமாறன் நாற்காலியில் சரிந்தார். “அசல் கருவியைக் கூட்டாளி கம்பெனிக்கு இரவல் கொடுத்தேன். லோரியிலயிருந்து காணாமப் போச்சாம். ரெண்டு நாள் டைம் கொடு குமுதா, சத்தமில்லாம தேடிருவோம். உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

“அந்த ரெண்டு நாள்ல யாராச்சும் தெரியாம உடைச்சுப் பார்த்தா? அப்படி ஒரு வேலை எனக்கு வேணாம் பாஸ்.”

அவள் கடிதத்தைக் கிழித்துவிட்டு, அணுசக்தி உரிம வாரியத்தின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, சுகுமாறன் பக்கம் தன் தேநீரை நகர்த்தி வைத்தாள்.

“குடிங்க அண்ணே. லோரி போன வழியை நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”