சுழலில் நின்ற படம்

சில்வண்டுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஓயாமல் பேசுகிற வாய் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. இப்போது தொண்டை கட்டி, வண்டு சத்தமில்லாமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது, ஏதாவது என்றால் கீழே இருக்கும் காவல்காரரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தன் போனையும் வைத்துவிட்டுப் போனாள்.

தொலைக்காட்சியில் சில்வண்டுக்கு உயிரான படம். ஓட்டைப் படகில், ஒற்றைக்கண் பூனையோடு அப்பாவைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். அலை எங்கே அடிக்கும், பூனை எங்கே தும்மும், எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

படகு சுழலை நெருங்கியது.

டொக். டொக். டொக்.

இந்த இடத்தில் இப்படி ஒரு சத்தம் கிடையாதே. படத்தை நிறுத்தினாள். படம் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

பேயோ? போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. பேய்க்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

யாரோ களைத்துப் போய்த் தட்டுகிறார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த குளியலறை வரை போனாள். பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் இதற்கும் நடுச்சுவரில் ஒரு காற்றுத்துளை உண்டு. அதன் வழியே கரகரத்த குரல் வந்தது. தையல்கார அத்தை. கட்டடத்தையே சுற்றி வந்த சளி அவர் குரலையும் விட்டுவைக்கவில்லை.

"தாழ்ப்பாள் கையோட வந்துடுச்சு கண்ணு. உள்ளே மாட்டிக்கிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வச்சுட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் சில்வண்டுக்கும் கருகல் வாடை அடித்தது. காவல்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் தச்சரைக் கூட்டிவந்து கதவை உடைப்பதாகச் சொன்னார்.

"அதுக்குள்ள துணி பத்திக்கும், மாமா. முதல்ல அத்தை வீட்டுக் கரண்டை நிறுத்துங்க."

"எது அவங்க சுவிட்சுன்னு தெரியலையேம்மா. எழுதி ஒட்டின சீட்டை எலி தின்னுடுச்சு."

"அப்போ எல்லாத்தையும் நிறுத்துங்க."

"மொத்தக் கட்டடமும் என்னை வறுத்தெடுத்துடுமே."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பட்டென்று எல்லாம் அணைந்தது. ஜன்னல் இல்லாத குளியலறையில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கருகல் வாடை மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் அத்தை விசும்பினார். அதட்டினால் தெருவே நடுங்கும் அத்தை.

"இருட்டா இருக்கு கண்ணு. போயிடாத."

சில்வண்டுக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு ஓட்டைப் படகு இருந்துச்சு. அதுல ஒரு பூனை. அதுக்கு ஒரு கண்ணுதான்."

வறண்ட தொண்டையோடு முதல் காட்சியிலிருந்து சொன்னாள். அலைபோல இரைந்தாள். பூனைபோலத் தும்மினாள். விசும்பல் நின்றது. வாடையும் மெல்லக் குறைந்தது. படகு சுழலுக்குள் நுழையும் நேரம், அந்தப் பக்கம் கதவு உடையும் சத்தம் தடாலென்று கேட்டது.

கரண்டும் அம்மாவும் வந்த பிறகு அத்தை வந்தார். கையில் ஒரு சட்டை. முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. அம்மாவிடம் அதைக் காட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பூனை என்ன ஆச்சு? நேரங்கெட்ட நேரத்துல தச்சர் கதவை உடைச்சுட்டார்."

சில்வண்டுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. நகர்ந்து இடம் விட்டு, படத்தை ஓடவிட்டாள்.

சுழல் வந்தது. முதலில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது அத்தைதான்.